தடியைக் கொடுக்காதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள்!

(தூத்துக்குடி முத்தையாபுரத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'குற்றத் தடுப்பில் இளைஞர்களின் பங்கு' என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் பேச்சாளர் என்ன பேசுவார் என்று இளைஞர்களுக்கு நன்றாகவே தெரியும். "சிகரெட் பிடிக்காதே, செல்போன் பார்க்காதே, கெட்ட சகவாசம் வைக்காதே" என்று அரை மணி நேரம் திட்டிவிட்டு இறங்கிவிடுவார். நான் அதற்காக வரவில்லை. இந்த ஊரில் இளைஞனுக்கு அறிவுரை சொல்ல ஆள் குறைவில்லை. அவனுக்குப் பொறுப்பு கொடுக்கத்தான் ஆள் இல்லை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாட்டுவது யார்?

நாம் கூடியிருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஸ்பிக் உரத் தொழிற்சாலை, ஒரு பக்கம் அனல்மின் நிலையம், சுற்றிலும் உப்பளங்கள். 1974-இல் பெருந்துறைமுகமான வ.உ.சி. துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் போய்வருகின்றன. சரக்கு போகும் ஊரில் பிழைப்பு உண்டு. அதே சரக்கோடு சரக்காக விஷமும் போகும். 2021 ஏப்ரலில் இந்தத் துறைமுகத்திலேயே, மரத்தடிகள் வந்த கன்டெய்னரில் 300 கிலோவுக்கும் அதிகமான கொக்கைனை வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்தது. அது உலகக் கடத்தல்காரர்களின் விவகாரம். நம் கடற்கரையில் அடிக்கடி பிடிபடுவது வேறு: இலங்கைக்குப் போகும் பீடி இலை, மஞ்சள் மூட்டை, கடல் அட்டை, கஞ்சாப் பொட்டலம். 2019 கடைசியில் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின், சமையலறை மஞ்சள்கூடக் கடத்தல் பொருள் ஆகிவிட்டது.

பிடிபடும்போது மாட்டுவது யார் என்று எண்ணிப் பாருங்கள். பணம் போட்ட முதலாளி மாட்டுவது அபூர்வம். பெரும்பாலும் வண்டியை ஓட்டிய பையன், மூட்டையைத் தூக்கிய பையன், படகில் ஏற்றிவிட்ட பையன். "அண்ணன் ஒரு பார்சல் கொடுத்தார், கொண்டுபோய்க் கொடுத்தால் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்" என்பதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அது சட்டம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு கிலோ வரை கஞ்சா பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை. அதற்கு மேல், 20 கிலோவுக்குக் கீழ் என்றால் பத்தாண்டு வரை. அதையும் தாண்டி வணிக அளவு ஆகிவிட்டால் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. அபராதம் குறைந்தது ஒரு லட்சம். வணிக அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். 'இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப இடமிருக்கிறது' என்று நீதிபதிக்கே திருப்தி ஏற்பட வேண்டும் என்கிறது 37-ஆவது பிரிவு. "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் போதாது. தெரியாது என்பதை அவனே நிரூபிக்க வேண்டும். கடல் அட்டையும் லேசான விஷயம் இல்லை. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் இருக்கிறது. மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை.

வணிகர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் லோடு வண்டியில் அந்தப் பொட்டலம் போனால் வண்டியே பறிமுதல் ஆகலாம். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பதையும், நீங்கள் உரிய எச்சரிக்கையோடு இருந்தீர்கள் என்பதையும் நீங்கள்தான் மெய்ப்பிக்க வேண்டும். குடோன் சாவியைத் தெரிந்தே கொடுத்தவருக்கும் கடத்தியவருக்கு உள்ள அதே தண்டனைதான்.

ஒரு பையன் உள்ளே போனால் ஒரு குடும்பம் தெருவுக்கு வருகிறது. வாப்பா வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறார். உம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. தங்கைக்கு வந்த சம்பந்தம் நின்றுபோகிறது. இதற்குப் பிறகு நாம் கூடிக் கூடிப் பேசி என்ன பயன்? அதற்கு முன்னால் என்ன செய்வது என்பதே கேள்வி.

"நாமே அடித்துத் திருத்துவோம்"

இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு. "பத்து வாலிபர்களைத் திரட்டுவோம், விற்கிறவன் வீட்டு வாசலில் போய் நிற்போம், ஒரு தடவை நன்றாகக் கொடுத்தால் ஓடிவிடுவான்." கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. இதைச் செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அதன் கதையைக் கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். 1652-இல் டச்சுக் கம்பெனி அமைத்த ஊர். அதே கம்பெனிதான் 1658-இல் நம் தூத்துக்குடியையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கேப் முஸ்லிம்களின் முன்னோர்களில் உண்டு. பின்னர் நிறவெறி அரசு வந்தது. நகரின் நடுவில் எல்லாச் சமூகத்தாரும் கலந்து வாழ்ந்த 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியை 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, சுமார் 60,000 பேரைப் பெயர்த்தெடுத்து ஊருக்கு வெளியே மணல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டது. பக்கத்து வீடு போயிற்று. தெருவில் கண்டிக்கும் பெரியவர் போனார். கைக்கு எட்டிய வேலையும் போயிற்று. அந்த இடத்தை ரவுடிக் கும்பல்கள் நிரப்பின. போதை மருந்து பிள்ளைகளின் கைக்கு வந்தது.

பொறுத்துப் பார்த்த மக்கள் 1990-களின் நடுவில் 'பகாட்' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். ரவுடித்தனத்துக்கும் போதைக்கும் எதிரான மக்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். கோபம் நியாயமானது, நோக்கமும் நல்லது. 1996 ஆகஸ்ட் 4 அன்று ஒரு கும்பல் தலைவனின் வீட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காவல்துறை நிற்கும்போதே, அவனைச் சுட்டு, தீ வைத்துக் கொன்றுவிட்டார்கள். அன்று கை தட்டியவர்கள் ஏராளம்.

அடுத்து என்ன நடந்தது? கும்பல்கள் ஒழியவில்லை, பழிவாங்கப் புறப்பட்டன. ஆயுதம் எடுத்தவர்களின் கை அமைப்பில் ஓங்கியது. நிதானமாகப் பேசியவர்கள் ஒதுங்கினார்கள். 1998-இலிருந்து கேப் டவுனில் குண்டுகள் வெடித்தன. அரசு இவர்களையே சந்தேகித்தது; அமைப்பினர் மறுத்தார்கள். வழக்குகள் வந்தன, சிறைக்குப் போனார்கள். போதையை ஒழிக்கக் கிளம்பிய இளைஞர்கள் வன்முறை வழக்கில் உள்ளே போனதுதான் மிச்சம். அதற்கும் மேல், எந்தச் சமுதாயத்தின் பிள்ளைகளைக் காப்பாற்றக் கிளம்பினார்களோ அந்தச் சமுதாயத்தையே நாடு சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

இளைஞன் கையில் தடியைக் கொடுத்தால் அவன் யாரை அடிப்பான் என்பதை முதல் நாள் நீங்கள் முடிவு செய்யலாம். பத்தாம் நாள் அது உங்கள் கையில் இருக்காது.

"போலீசோடு சேர்ந்துவிடுவோம்"

இன்னொரு பதிலும் உண்டு. "நமக்கேன் வம்பு? பையன்களைப் போலீசுக்கு உதவியாகச் சேர்த்துவிடுவோம். தொப்பியும் பனியனும் கொடுப்பார்கள், பாதுகாப்பும் ஆயிற்று." இதையும் நம் பக்கத்திலேயே செய்து பார்த்தாகிவிட்டது.

1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், 'போலீஸ் நண்பர்கள் குழு' என்ற திட்டத்தைத் தொடங்கினார். காவல் நிலையம் என்றால் மக்களுக்கு இருக்கும் பயம் போக வேண்டும், மக்களும் காவல்துறையும் பேசிப் பழக வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். மாநிலம் முழுதும் பரவியது. ஆனால் அந்த இளைஞர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்? ஊருக்கா, நிலையத்துக்கா? அவர்கள் தவறு செய்தால் கேட்பது யார்? இதற்குத் தெளிவான விடை இல்லாமலே காலம் ஓடியது. நாளடைவில் பல இடங்களில் போக்குவரத்தைப் பார்ப்பதும், இரவு ரோந்தில் துணைக்கு நிற்பதும், நிலையத்தின் எடுபிடி வேலையுமே அவர்களின் வேலையாயிற்று.

2020-இல் கொரோனா ஊரடங்கு. நம் மாவட்டம் சாத்தான்குளம். ஜூன் 19 அன்று, கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்தார்கள் என்ற புகாரில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வணிகர்களே, அவர்கள் உங்களைப் போன்ற கடைக்காரர்கள். இரவெல்லாம் சித்திரவதை. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, மகன் 22-ஆம் தேதி இரவும் தந்தை 23-ஆம் தேதி காலையும் இறந்துபோனார்கள். சி.பி.ஐ. விசாரித்துக் காவலர்கள் மீது கொலைக் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த இரவில் போலீஸ் நண்பர்கள் குழுவைச் சேர்ந்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்ற புகார் எழுந்தது. அந்தக் கொந்தளிப்பில் 2020 ஜூலையில் தமிழக அரசு அந்தக் குழுவுக்கே தடை விதித்தது.

அந்தத் திட்டத்தால் எங்கேயும் நன்மை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ஊருக்குப் பதில் சொல்லாமல் ஒரு நிலையத்தின் ஏவலாளாக மட்டும் ஆனால், அந்த நிலையம் நல்லதாக இருக்கும்வரைதான் அவர்களும் நல்லவர்களாக இருப்பார்கள். அதைத்தான் சொல்கிறேன்.

உட்கார வைத்துப் பேசிய ஊர்

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பிவண்டி என்ற விசைத்தறி நகரம். இந்துக்களும் முஸ்லிம்களும் தெருவுக்குத் தெரு நெருங்கி வாழும் ஊர். 1970-இலும் 1984-இலும் அங்கே பெரும் கலவரங்கள் நடந்தன. 1988-இல் அங்கே காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே, தெருவாரியாக 'மொஹல்லா கமிட்டிகள்' அமைத்தார். சுமார் எழுபது கமிட்டிகள். இரு சமூகத்தாரும் ஒரே கமிட்டியில் இருந்தார்கள். கலவரம் வந்தபின் கூடுவதற்காக அமைத்தவை அல்ல அவை. தண்ணீர்க் குழாய்ச் சண்டை, வாடகைத் தகராறு, ஊர்வலப் பாதை என்று அன்றாடப் பிரச்சினைகளைப் பேசித் தீர்க்க முறையாகக் கூடினார்கள். அதனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. போலீஸ்காரர் பெயர் தெருவுக்கும், தெருவின் பெயர் போலீஸ்காரருக்கும் தெரிந்திருந்தது.

1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. பக்கத்திலிருந்த மும்பை டிசம்பரிலும் ஜனவரியிலும் பற்றி எரிந்தது. பிவண்டி எரியவில்லை! வதந்தி வந்தபோது கமிட்டியினர் தெருவில் நின்றார்கள். எந்த ஊர் முதலில் எரியும் என்று எல்லோரும் நினைத்தார்களோ அந்த ஊர் அமைதியாக இருந்தது.

பேச்சு நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஊர்தான் சாட்சி. 2006 ஜூலையில் அங்கே ஒரு காவல் நிலையக் கட்டுமானம் தொடர்பாகப் பிரச்சினை வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். காவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். கமிட்டி என்பது ஒரு தடவை அமைத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிற காரியம் இல்லை.

கேப் டவுனுக்கும் மறுபடி போய் வருவோம். அதே நகரத்தின் இன்னொரு மூலையில் கயலிட்ஷா என்ற கறுப்பின மக்களின் பெருங்குடியிருப்பு இருக்கிறது. 2000-களின் நடுவில், ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் உதவியோடு நகராட்சி அங்கே வன்முறைத் தடுப்பு வேலையைத் தொடங்கியது. முதலில் குடியிருப்போரைக் கேட்டார்கள்: "எந்த வழியில் நடக்கப் பயப்படுகிறீர்கள்? எந்த நேரத்தில்?" அதை வரைபடத்தில் குறித்தார்கள். அந்த நடைபாதைகளில் விளக்குப் போட்டார்கள். இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, எப்போதும் ஆள் இருக்கிற சிறு கட்டடங்களைக் கட்டினார்கள். அதில் இளைஞர் கூடுமிடம், தன்னார்வலர் அறை, காவலாளி குடியிருப்பு. பக்கத்தில் சிறு கடைகள், விளையாட்டு மைதானம், நூலகம். குற்றம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. கயலிட்ஷா இன்றும் கஷ்டப்படும் ஊர்தான். ஆனால் தெருவை வெளிச்சமாக்குவதும் இளைஞனுக்கு இடம் கொடுப்பதும் குற்றத் தடுப்பு வேலையே என்பதை அந்த ஊர் காட்டியது. 2006-இல் ஆப்பிரிக்க நாடுகள் கூடி ஏற்ற இளைஞர் சாசனமும், சமுதாய முடிவுகளில் பங்கேற்பது இளைஞனின் உரிமை என்றே எழுதியிருக்கிறது.

முத்தையாபுரத்தில் என்ன செய்யலாம்?

இனி நம் ஊருக்கு வருவோம். நான் முன்வைப்பது ஆறு காரியங்கள்.

முதலாவது, ஒரு குழு. அதில் பாதிப்பேர் 25 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும். டீ வாங்கி வர அல்ல. பேச, ஓட்டுப் போட, கணக்குப் பார்க்க. பெண்களும் இருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளை மாறுவதை முதலில் அறிபவள் தாய்தான். அது முஸ்லிம்கள் மட்டும் உள்ள குழுவாக இருக்கக் கூடாது. உப்பளத் தொழிலாளியின் மகனும் மீனவர் மகனும் லாரி கிளீனரும் நம் பையன்களோடு ஒரே தெருவில்தான் நிற்கிறார்கள். விஷம் விற்பவன் சாதி மதம் பார்ப்பதில்லை.

இரண்டாவது, கயலிட்ஷாவில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்போம். இளைஞர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகட்டும். எந்த விளக்கு எரியவில்லை, லாரிகள் நிற்கும் எந்த இடம் இருட்டு, எந்தப் பாழடைந்த கட்டடத்தில் பையன்கள் கூடுகிறார்கள், பெண்பிள்ளைகள் எந்தச் சந்தில் நடக்கப் பயப்படுகிறார்கள் என்று எழுதட்டும். அந்தப் பட்டியலை மாநகராட்சியில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கட்டும். வேலை முடியும்வரை மாதம் ஒரு தடவை போய்க் கேட்கட்டும்.

மூன்றாவது, வேலை. இது வணிகர்களுக்கான பங்கு. நம் கடலில் முத்துக்குளித்த காலத்தை நினையுங்கள். மூழ்குகிறவன் உயிர், படகில் கயிறு பிடிக்கிறவன் கையில். அதனால்தான் கயிற்றை மைத்துனனிடம் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். தங்கை தாலியை நினைத்தாவது விடாமல் பிடிப்பான் என்ற நம்பிக்கை. உங்களில் ஒவ்வொருவரும் ஒரு பையனின் கயிற்றைப் பிடியுங்கள். கடையில் சும்மா நிறுத்தி வைக்க வேண்டாம். தொழிலைக் கற்றுக்கொடுங்கள், கனரக வாகன லைசென்ஸ் எடுக்கவோ ஐ.டி.ஐ. படிக்கவோ செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். உங்களிடம் மூன்று மாதச் சம்பளம் நின்றுபோன பையனைத்தான் அந்த 'அண்ணன்' தேடி வருவான்.

நான்காவது, ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்தவனை விரட்டாதீர்கள். போதைக்கு அடிமையானவன் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், சிறு அளவு வைத்திருந்த வழக்கிலிருந்தும் உட்கொண்ட வழக்கிலிருந்தும் சட்டமே அவனுக்கு விலக்கு அளிக்கிறது. 64-ஏ பிரிவு அது. 14446 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். சிகிச்சைச் செலவுக்கும் அந்தக் குடும்பத்தின் அடுப்பெரியவும் பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். சிறையிலிருந்து திரும்பியவனுக்கு முதல் வேலையைக் கொடுப்பவர் நம்மில் ஒருவராக இருக்கட்டும். நாம் கதவைச் சாத்தினால் பழைய கும்பல் கதவைத் திறக்கும்.

ஐந்தாவது, சட்டம் தெரிய வேண்டும். கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனம். கைதானவரின் வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. போதைப்பொருள் இருக்கிறதா என்று உடலைச் சோதிக்கும்போது, மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100, குழந்தைகள் ஆபத்தில் இருந்தால் 1098. சிறுவனைக் கடத்தலுக்குப் பயன்படுத்துபவனுக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. பையனை மட்டும் பிடித்துவிட்டு, அவனை அனுப்பியவனை விட்டுவிடுவதைக் குழு கேள்வி கேட்க வேண்டும்.

ஆறாவது, காவல்துறையோடு உறவு. மாதம் ஒரு கூட்டம், வெளிப்படையாக, எல்லோர் முன்னிலையிலும். பேசியதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யார் மீதும் ரகசியப் பட்டியல் கொடுக்க வேண்டாம். குற்றம் கண்ணில் பட்டால் தயங்காமல் தகவல் சொல்லுங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். ஆனால் நம் இளைஞன் யாரையும் சோதிக்கக் கூடாது, பிடித்துக் கட்டி வைக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது. இந்த விதியை மீறியவன் எவ்வளவு வேண்டியவன் ஆனாலும் அன்றே குழுவிலிருந்து நீக்கப்பட வேண்டும்.

இரண்டு சந்தேகங்கள்

"நம் பிள்ளைகளைப் பற்றி மேடையில் பேசினால் சமுதாயத்துக்குத்தானே இழுக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்கலாம். மறைத்து வைத்ததால் நோய் தீர்ந்த வீடு உண்டா? நாம் பேசாவிட்டால் நாளைக்குப் பத்திரிகை பேசும், கோர்ட் பேசும். அப்போது ஒருவன் பெயரோடு சமுதாயத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுவார்கள்.

"போலீஸ் எங்களைத்தானே முதலில் சந்தேகப்படுகிறது, நாங்கள் ஏன் அவர்களோடு உட்கார வேண்டும்?" என்று ஓர் இளைஞன் கேட்கலாம். தம்பி, உன் கேள்வி நியாயம். 1997 நவம்பரில் கோவையில் துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் நம்மவர்கள் மாண்டதும், 1998 பிப்ரவரியில் குண்டுகள் வெடித்து ஒரு பாவமும் அறியாத மக்கள் மாண்டதும், அதன்பின் ஊர் ஊராக நம் இளைஞர்கள் சந்தேகிக்கப்பட்டதும் யாருக்கும் மறக்கவில்லை. அதனால்தான் தனியாகப் போகாதே என்கிறேன். ஊரோடு போய் உட்கார், பேசுவதை எழுத்தில் வாங்கு. எழுந்து வந்துவிட்டால் உன்னைப் பற்றி நீ இல்லாத இடத்தில் முடிவெடுப்பார்கள்.

பெரியவர்களே, இங்கே இருக்கும் இளைஞர்களைத் திரும்பிப் பாருங்கள். நம் ஊரில் வெள்ளம் வந்த 2023 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தது இந்தக் கைகள்தான். அப்போது யாரும் இவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. வேலையைக் கொடுத்தோம், செய்தார்கள். வெள்ளம் வடிந்ததும் மறுபடி பின்வரிசைக்கு அனுப்பிவிட்டோம்.

இந்தக் கூட்டம் கலையும் முன் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விடுகிறோம். ஒரு பக்கத்தில் தெருக்கணக்கெடுக்க வரும் இளைஞர்கள் பெயர் எழுதுங்கள். மறுபக்கத்தில் ஒரு பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க முன்வரும் வணிகர்கள் எழுதுங்கள். இரண்டு பக்கமும் நிரம்பினால் அடுத்த மாதம் இதே இடத்தில் கூடி, என்ன செய்தோம் என்று கணக்குச் சொல்வோம். ஒரு பக்கம் மட்டும் நிரம்பினால், குறை எந்தப் பக்கம் என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.